அகலமும் உயரமும் இடம் மாறிய ஒரு முகம்

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த நம் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "மேடம், படத்தோட அகலம் உயரமெல்லாம் டேட்டாபேஸ்ல வெச்சிருக்கோமே, அது சரியா இருக்கான்னு நாம எதுக்குத் தனியா பாக்கணும்? ஃப்ரேம்வொர்க்கே பாத்துக்காதா?"

நல்ல கேள்வி. அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து மேசையில் இளங்கோ உட்கார்ந்திருந்தார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் கதையை அவர் இருக்கும் இடத்தில் நான் சொல்வதில்லை. டீயைக் குடித்துவிட்டு, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் செய்தேன். "எழுதுங்க மேடம். பேரையும் போட்டே எழுதுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேரான பதில். ஒரு பக்கத்தில் படம் வந்து சேரும் முன்பே, அதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பக்கத்துக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து அளந்துகொண்டிருந்தால் பக்கம் ஊர்ந்துதான் வரும். அதனால் ஒருமுறை அளந்து, அகலம் ஒரு எண், உயரம் ஒரு எண் என்று டேட்டாபேஸில் அந்தப் படத்துக்கென்று இருக்கும் வரியிலேயே எழுதி வைக்கிறோம். நாம் தளங்களைக் கட்டப் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க் மென்பொருள் இதைத் தானே செய்யும். படிவத்தின் வழியாக ஒரு படம் உள்ளே வந்தால் அளக்கும், இரண்டு எண்களையும் நிரப்பும். அடுத்த முறை அந்த வரியைப் படிக்கும்போது எண்கள் இருந்தால் அவற்றை நம்பிவிடும். ஃபைலைத் திறந்து பார்க்காது. அது சோம்பேறித்தனம் இல்லை, வேகத்துக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதன் கண்ணில் படாமல் யாராவது ஃபைலை மட்டும் மாற்றிவிட்டால் அதற்குத் தெரிய வழியே இல்லை. பழைய எண்களையே நம்பிக்கொண்டிருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

திருவாரூரிலிருந்து நன்னிலம் போகும் பாதையில் ஒரு காப்பகம் இருந்தது. மனம் பேதலித்து வீட்டை விட்டுக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் ரயிலடியிலும் கிடந்தவர்களைக் கூட்டிவந்து வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் அதை நடத்தினார். எல்லோரும் அவரை சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கிருந்தவர்களில் பலருக்குத் தங்கள் ஊர் பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை. அவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக, எல்லோருடைய படங்களையும் போட்டு ஒரு இணையதளம் செய்து தரும்படி நம் முதலாளியிடம் கேட்டார். நாங்கள் இலவசமாகவே செய்துகொடுத்தோம். இளங்கோதான் பொறுப்பு. நான் அவருக்கு மேலே இருந்தேன்.

தளத்தில் இரண்டு விதமான பக்கங்கள். ஒன்று, எல்லோருடைய முகங்களும் வரிசையாக வரும் பக்கம். தேடி வருகிறவர்கள் செல்லில் அதைத்தான் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். ஒரு முகத்தைத் தொட்டால் அவருக்கென்று தனிப் பக்கம் திறக்கும். எங்கே கிடைத்தார், உடம்பில் என்ன அடையாளம் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும்.

தளம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் சிஸ்டரம்மா போன் செய்தார். "தம்பி, பாதிப் பேரு படுத்துக்கிட்டு இருக்காங்களேப்பா!" காப்பகத்துப் பணியாளர்கள் செல்லை எப்படிப் பிடித்தார்களோ, பல படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து பதிவாகியிருந்தன. இளங்கோவுக்கு அது பொறுக்கவில்லை. ஏற்கனவே கேட்பாரில்லாமல் கிடந்தவர்கள், இங்கேயும் சாய்ந்து கிடக்க வேண்டுமா என்று அன்றைக்கே உட்கார்ந்து ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் ஒன்றை எழுதினார். அது சர்வரில் நேரடியாகப் போய், சாய்ந்த படங்களைக் கண்டுபிடித்து, அந்தந்த ஃபைலையே நிமிர்த்தி அதே பெயரில் சேமித்தது. சிஸ்டரம்மா அனுப்பியிருந்த தனிப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். சிஸ்டரம்மாவுக்கும் சந்தோஷம்.

தனிப் பக்கத்தில் படம் தன் சொந்த அளவில் வரும்படி வைத்திருந்தோம். வரிசைப் பக்கமோ டேட்டாபேஸில் இருந்த எண்களை வைத்துப் படத்தை வரைந்தது. ஃபைல் நிமிர்ந்துவிட்டது. எண்கள் படுத்தபடியே இருந்தன. நெடுக இருக்க வேண்டிய முகத்தை அந்தப் பக்கம் அகலவாக்கில் இழுத்துப் பிடித்துக் காட்டியது. படங்களைக் கிட்டத்தட்டச் சதுரமாக வெட்டித்தான் ஏற்றியிருந்தார்கள். அதனால் பார்த்த மாத்திரத்தில் கோணல் என்று தெரியாது. கன்னம் ஒட்டிப்போனவர் பூசினாற்போல் தெரிந்தார், அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர்கள், இவர் முகவாகு இப்படி என்று நினைத்துக்கொள்வார்கள். காப்பகத்தில் யாரும் வரிசைப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அவர்களுக்கு எதற்கு? ஆட்கள்தான் எதிரிலேயே இருந்தார்களே.

அந்த வரிசையில் துரை என்ற பெயரில் ஒருவர் இருந்தார். திருவாரூர் ரயிலடியில் கிடைத்தவர். பேசவே மாட்டார். துரை என்பது சிஸ்டரம்மா வைத்த பெயர். காப்பகத்து போர்வெல் மோட்டார் ஓடும்போது அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாராம். சத்தத்தில் ஏதாவது மாறினால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுவார். ஒரு தடவை அவர் கையைத் தூக்கியதால்தான் மோட்டார் எரியாமல் பிழைத்ததாம். ஐப்பசி அடைமழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. காப்பகத்துக்காரர்களே அடக்கம் செய்தார்கள்.

யாராவது இறந்தால் அவர்கள் படத்துக்குக் கறுப்புக் கரை போட்டு, 'மறைந்தவர்கள்' என்ற பகுதிக்கு மாற்றுவது சிஸ்டரம்மாவின் வழக்கம். உறவுக்காரர்கள் என்றைக்காவது வந்தால் தெரிய வேண்டுமே என்பதற்காக. துரைக்கும் அப்படியே செய்தார். பழைய படத்தையே எடுத்துக் கறுப்புக் கரை போட்டு, புதிதாகப் படிவத்தின் வழியாக ஏற்றினார். படிவத்தின் வழியாக வந்ததால் ஃப்ரேம்வொர்க் அளந்தது. அகலமும் உயரமும் சரியாக விழுந்தன. அந்த வரிசையில் துரையின் முகம் முதன்முதலாக அவர் முகமாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அதற்கு அடுத்த வாரம் குத்தாலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் காப்பகத்துக்கு வந்தார். பெயர் வசந்தா. அங்கன்வாடியில் வேலை. அவருடைய தம்பி செல்வம் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து புத்தி தடுமாறிப்போனார். அக்கா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் வீட்டை விட்டு நடந்துவிட்டார். தளம் வந்ததிலிருந்து வசந்தா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். முதலில் உயிரோடிருப்பவர்கள் எல்லோரையும் பார்ப்பார். 'மறைந்தவர்கள்' பக்கத்தைக் கடைசியில், மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் திறப்பார். அந்தப் பக்கத்தில், துரை என்ற பெயரில், தம்பி நின்றார்.

அன்று நடந்ததை சிஸ்டரம்மா மறுநாள் காலையில் எனக்குப் போனில் சொன்னார். அழுதுவிட்டுப் பேசுகிற குரல்.

"மேடம், அந்தப் பொண்ணு அடக்கம் பண்ண எடத்துல உக்காந்து அழுதுட்டு வந்துச்சு. வந்து எங்கிட்ட, 'இந்தப் படத்தை அப்பவே போட்டிருக்கக் கூடாதாம்மா, ஓடி வந்திருப்பேனே'ன்னுச்சு. நான் யோசிக்காம, 'அப்பவே போட்டதுதாம்மா, அதே படம்தான், கரை மட்டும்தான் புதுசு'ன்னு சொல்லிட்டேன். அவ்ளோதான். 'அப்ப நான் பாத்துட்டேதான் தள்ளிவிட்டேனா, எந் தம்பியையே எனக்குத் தெரியாமப் போச்சா'ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுவுது. என்னால சமாதானமே பண்ண முடியல. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. அதே படம்தானே?"

பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

படம் அதேதான். ஃபைலில் ஒரு குறையும் இல்லை. வாராவாரம் எடுத்துவைக்கும் நகலிலிருந்து பழைய வரியை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. உயரமான படத்துக்கு அகலமான எண்கள். இளங்கோ பக்கத்தில் வந்து நின்றார்; திரையை அவர் பக்கம் திருப்பினேன்.  நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "என் ஸ்கிரிப்ட்" என்றார். 

அதற்குப் பிறகு அவர் செய்யப் போன காரியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். எழுந்து தன் மேசைக்குப் போய், எல்லா வரிகளிலும் அகலத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட ஒரே வரியில் கட்டளை எழுதிவிட்டார். அதை ஓடவிட விரல் போய்விட்டது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எது எது தப்புன்னு தெரியுமா?"

"சாய்ஞ்சிருந்ததெல்லாம் தப்புதானே மேடம்."

"சாயாமலே வந்தது இருக்கும். நீங்க நிமிர்த்தினப்பறம் சிஸ்டரம்மா மறுபடி ஏத்தினது இருக்கும். அதெல்லாம் இப்ப சரியா இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு மாத்துனீங்கன்னா சரியா இருக்கிறவங்க முகமும் போயிடும்."

ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, அளந்து, கிடைத்ததை எழுத வேண்டும். ஊகிக்கக் கூடாது. அதற்கு முன்னால் இன்னொன்றும் செய்யச் சொன்னேன். இப்போது இருக்கிற தவறான எண்களையும், வாராந்திர நகலில் கிடைத்த துரையின் பழைய எண்களையும் அப்படியே தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னேன். இளங்கோவுக்கு அது புரியவில்லை. "அதை எதுக்கு மேடம் வெச்சுக்கணும்?" என்றார். பிழையைத் திருத்துகிற அவசரத்தில் பிழையின் அடையாளத்தையும் அழித்துவிடுகிறவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர். பிறகு யாராவது என்ன நடந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். அது எதற்குப் பயன்படப்போகிறது என்று அப்போது எனக்கும் தெரியாது.

மதியத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. செல்லில் வரிசைப் பக்கத்தைத் திறந்து இருவரும் தள்ளிப் பார்த்தோம். இழுபட்டிருந்த முகங்களெல்லாம் ஒடுங்கி அவரவர் முகமாக நின்றன. இத்தனை நாள் தேடி வந்தவர்கள் பார்த்தது இவர்களை இல்லை.

முதலாளியிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரி பண்ணியாச்சுல்ல? அதோட விட்டுடுங்க. அந்தத் தம்பியோட அக்காகிட்ட போய்ச் சொல்ல வேணாம்."

"ஏன் சார்?"

"சொன்னா போனவன் வந்துடுவானா? காப்பகம் நாலு பேரு குடுக்கிறதுல ஓடுது. தளத்துல படமே தப்பா இருந்துச்சாம்னு வெளிய போச்சுன்னா யாரு நம்பிக் குடுப்பாங்க? இன்னும் அங்க இருக்கிறவங்க கதி என்ன ஆகும்? மேடம், நான் நம்ம பேருக்காகச் சொல்லல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒருநாள் வரும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன்: நாம் பேசாமல் இருந்தால் அந்தப் பாரத்தை இப்போது யார் சுமந்துகொண்டிருக்கிறார்கள்? குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண், தன் தம்பி முகமே தனக்கு மறந்துபோனது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவர் பாரம் இல்லை. அதை அவரிடம் விட்டு வைக்க நமக்கு உரிமை கிடையாது.

இதை நான் முதலாளியிடம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. "சார், அந்தம்மா தன்மேல பழியைப் போட்டுக்கிட்டு இருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "சிஸ்டரம்மாவைக் கேளுங்க. காப்பகம் அவங்களோடது. அவங்க சரின்னா எனக்கும் சரி" என்றார்.

சிஸ்டரம்மாவிடம் போனில் சொன்னேன்.  "எல்லாரும் எங்கூடவேதான் இருந்தாங்க. அந்தப் பக்கத்தை நான் ஒருநாள்கூடத் தொறந்து பாக்கலையே மேடம்" என்றார். "போய்ச் சொல்லுங்க. அந்தப் பக்கத்துலயும் எழுதிப் போடுங்க. படம் தப்பா இருந்துச்சு, ஏற்கனவே பாத்தவங்க மறுபடி ஒரு தடவ பாருங்கன்னு. குடுக்கிறவங்க குடுப்பாங்க, இல்லாட்டிப் போறாங்க."

எழுதிப் போட்டோம். நன்னிலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து, முன்பு தளத்தில் பார்த்தும் அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டுப் போன தங்கள் தாயாரை அடையாளம் கண்டு அழைத்துப் போனது. செய்தி வந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் இளங்கோவின் முதுகில் தட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. "முன்ன பாத்தப்பவே கூட்டிட்டுப் போயிருப்பாங்கல்ல மேடம்" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். 

குத்தாலத்துக்கு நானும் இளங்கோவும் நம் அலுவலகம் இருக்கும் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போனோம். நான் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன், அவர் கேட்கவில்லை. இறங்கி உள்ளே நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நின்றது. களை பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் வழி கேட்டதும், "செல்வம் அக்கா வூடா? துக்கத்துக்கு வந்தீங்களா?" என்றார்கள். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

வசந்தா நாற்பது வயதுக்காரர். மெலிந்த முகம். காப்பகத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவருடைய கணவர் வாசலில் நின்றிருந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். இளங்கோ டம்ளரைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"அக்கா, நாங்கதான் அந்த வெப்சைட்டு பண்ணுனவங்க. அதுல உங்க தம்பி படம் தப்பாத் தெரிஞ்சுது. முகத்தை அகலமா இழுத்துக் காட்டிடுச்சு. உங்களுக்கு அடையாளம் தெரியாமப் போனது உங்க தப்பு இல்ல. அது என் வேலைல நடந்த தப்பு" என்றார் இளங்கோ.

வசந்தா புரியாமல் என்னைப் பார்த்தார். "அதே படம்தான்னு சிஸ்டரம்மா சொன்னாங்களே?"

"படம் அதேதாம்மா. காட்டுன விதம்தான் தப்பு" என்றேன்.

இளங்கோ லேப்டாப்பைத் திறந்தார். நகல் எடுத்து வைத்திருந்த பழைய எண்களைக் கொண்டு அந்தப் பக்கத்தை முன்பு இருந்தபடியே காட்டினார். வசந்தா குனிந்து பார்த்தார்.  பிறகு அவர் விரல் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"இவரை நான் பாத்திருக்கேன்" என்றார். "நெறைய தடவ பாத்திருக்கேன். குண்டா இருக்காரே, யாரு வூட்டுப் புள்ளையோ, பாவம், இவரையும் தேடி யாரும் வரலையேன்னு நெனச்சுக்குவேன்."

 வாசலில் நின்ற கணவர்தான் முதலில் உள்ளே வந்தார். "இதைச் சொல்லவா வந்தீங்க? ஆளு போனப்பறம் வந்து படம் காட்டுறீங்களா? எங்க வூட்டுப் புள்ளை அநாதை மாதிரி போய்ச் சேந்துட்டான். மொதல்ல எந்திரிங்க, எந்திரிங்க!" இளங்கோ எழுந்து நின்றார். திட்டட்டும் என்று நிற்பதைப் போலத்தான் நின்றார். கணவர் இன்னும் நிறையச் சொன்னார். எல்லாம் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவைதான்.

வசந்தா கையைக் காட்டிக் கணவரை நிறுத்தினார். என்னிடம் கேட்டார்.

"அப்ப எனக்கு அவன் மொகம் மறந்து போகலைங்களா?"

"மறக்கலைம்மா. சரியா காட்டுன அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டீங்களே."

அவர் தலையை ஆட்டினார். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். அங்கிருந்து வந்த அழுகையை நான் எழுத முடியாது. அவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கணவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம்.  அவர் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் எங்கள் பின்னாலேயே நடந்துவந்து, பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

 தஞ்சாவூரில் இறங்கியதும், "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் மேடம்" என்றார் இளங்கோ. நான் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாளைக்கு வந்து, ஃபைலை மாற்றுகிற எந்த வேலையாக இருந்தாலும் படத்தின் டேட்டாபேஸ் வரி வழியாகவே மாற்ற வைக்கிற ஏற்பாட்டைச் செய்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் வந்தார். செய்தார். அப்புறமும் வந்துகொண்டிருந்தார். நீங்கள் இன்று படங்களை மாற்றும்போது வேறு வழியே இல்லாமல் அந்த ஒரு வாசல் வழியாகப் போகிறீர்களே, அது அன்றைக்கு அவர் கட்டியது. எல்லாப் படங்களையும் தானே திறந்து அளந்து, எண்களோடு ஒத்துப்போகாதவற்றைக் காலையில் உங்களுக்குச் சொல்கிறதே ஒரு ஸ்கிரிப்ட், அதுவும் அவருடையதுதான். அதை அதிகப்படி என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது.

நாங்கள் செய்த பெரிய தவறு அந்த ஸ்கிரிப்ட் இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஸ்கிரிப்ட் யார் வேண்டுமானாலும் தவறாக எழுதலாம். அந்தத் தளத்தைத் தம்பியைத் தேடும் ஒரு அக்காவின் கையிலிருக்கும் செல்லில், அவர் பார்க்கிற மாதிரி, எங்களில் ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. இளங்கோ, புகார் வந்த பக்கத்தைப் பார்த்தார். நான், இளங்கோ சொன்னதைப் பார்த்தேன். சிஸ்டரம்மா மனிதர்களைப் பார்த்தார். எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகவே பார்த்தோம். நடுவில் அந்த ஒரு பக்கம் மட்டும் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

பொங்கல் கழிந்து ஒருநாள் காப்பகத்துக்குப் போயிருந்தேன். வசந்தா அங்கே இருந்தார். தம்பியை அடக்கம் செய்த இடத்தைப் பார்க்க வந்தவர், உள்ளே வந்து கையில் செல்லை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் எதிரிலும் உட்கார்ந்து, தளத்தில் இருக்கும் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு மூதாட்டியின் எதிரில் நெடுநேரம் இருந்தார். "இந்த அம்மா வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருக்காங்க. வூட்டுக்காரங்களுக்குத் தெரியாது. நெழல்ல வெச்சு வேற எடுங்க" என்றார். பணியாள் ஒருவர் உடனே எடுத்தார். என்னைப் பார்த்தும் வசந்தா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. 

அவர் கிளம்பும்போது நான்தான் போய்க் கேட்டேன். உறவுக்காரர்கள் கிடைத்துவிட்டால் அந்தப் படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். "உங்க தம்பி படத்தை எடுத்துடலாமாம்மா?"

அவர் யோசித்தார். செல்லில் அந்தப் படத்தைத் திறந்தார். வெளுத்த சட்டை, கழுத்து வரைக்கும் போட்ட பொத்தான், எண்ணெய் வைத்து வகிடெடுத்து வாரிய தலை.

"வூட்ல இருந்தப்ப நான் சீப்பை எடுத்தாலே தட்டிவுட்டுருவான். யாரு வாரிவிட்டது?"

"நான்தாம்மா" என்றார் பின்னால் நின்றிருந்த சிஸ்டரம்மா.

"சும்மா இருந்தானா?"

"இருந்தான்மா."

வசந்தா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும், எடுக்க வேணாம்" என்றார். செல்லைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நீங்கள் இப்போது பார்த்துக்கொள்ளும் அந்தத் தளத்தில், உறவுக்காரர்கள் கிடைத்த பிறகும் நீக்காமல் இருக்கும் வரி அது ஒன்றுதான். பழைய வரிகளைச் சுத்தம் செய்யும்போது யாரோ விட்டுப்போனது என்று உங்களுக்குத் தோன்றும். அதைத் தொடாதீர்கள்.